உள்ளே நுழைந்தவள்

"திருட்டு வேலை மேடம் இது! போலீஸுக்கே போகலாம்."

உதவிப் பேராசிரியர் மடிக்கணினியைத் துறைத்தலைவியின் மேசைமேல் வைத்த வேகத்தில் பேனாக்கள் உருண்டு கீழே விழுந்தன.

விஷயம், இந்தத் துறை பொறுப்பேற்று நடத்துகிற உதவித்தொகை. கம்ப்யூட்டர் சயன்ஸ் இளநிலை படிக்கிற ஒரே ஒருவருக்கு, படிப்பு முடியும்வரை முழுக் கட்டணம். எந்தக் கல்லூரியிலிருந்தும் விண்ணப்பிக்கலாம். மதிப்பெண்ணைப் பார்த்து இணையதளமே வரிசை போட்டு, தேர்வானவர் பெயரை மட்டும் வெளியே சொல்லும். தளத்தை எழுதியவர் உதவிப் பேராசிரியர்தான்.

அன்று காலையில்தான் முடிவு வந்திருந்தது. வேறு கல்லூரிப் பையன் ஒருவனுக்கு.

"கடைசி நாள் சாயங்காலம் யாரோ உள்ள புகுந்து, அந்தப் பையனோட விண்ணப்பத்துல கை வெச்சிருக்காங்க. ஜெயிச்சது அவன்தான். புரியுதா மேடம்?"

"யாருன்னு தெரிஞ்சுதா?"

"நம்ம லேப் கம்ப்யூட்டர்லேர்ந்துதான். சாட்சாத் நம்ம செமிகோலன்!"

துறைத்தலைவிக்குச் சுருக்கென்றது. யார் எழுதின புரோகிராமில் எந்தப் புள்ளி விட்டுப்போனாலும் எட்டிப் பார்த்தே சொல்லிவிடுகிற பெண். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். சனி, ஞாயிறுகளில் மருந்துக் கடையில் பில் போட்டுப் படிக்கிறவள்.

கூப்பிட்டதும் வந்து நின்றாள்.

"உள்ள போனியா?"

"போனேன் மேடம்."

மழுப்பல் இல்லை, தயக்கம் இல்லை.

"பாஸ்வேர்டு எப்படிக் கிடைச்சுது?" பேராசிரியர் பாய்ந்தார்.

"நான் ஃபார்ம் அனுப்பினப்போ தளம் நின்னுபோச்சு சார். ஏதோ பிழைன்னு பெரிசா ஒரு செய்தி வந்துச்சு. அதுலேயே பாஸ்வேர்டும் இருந்துச்சு."

பேராசிரியருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"கதவு திறந்திருந்தா உள்ள போயிடுவியா?" என்றாள் துறைத்தலைவி.

"மூணு மெயில் போட்டேன் மேடம். மூணுக்கும் 'தங்கள் கடிதம் கிடைத்தது, நன்றி'ன்னு தானா பதில் வந்துச்சு. சார் லீவு. ஆறு மணிக்குத் தளத்தை மூடிடுவாங்க."

"சரி, என்னதான் மாத்தினே?"

"ஒரே ஒரு விண்ணப்பம் வரிசையில சேராம ஓரமாக் கிடந்துச்சு. அப்பா பெயர் எழுதுற கட்டம் காலி. அது காலியா இருந்தா உள்ள எடுக்காத மாதிரி எழுதியிருக்கு. அதுல ஒரு சின்னக் கோடு போட்டேன். எடுத்துக்கிச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் மேடம்."

"அம்மா பெயரையாவது போட்டிருக்கலாமே அவன்?" என்றார் பேராசிரியர்.

"அம்மாவுக்குக் கட்டமே இல்லையே சார்."

பேராசிரியர் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிப் படிவத்தை ஒருமுறை பார்த்தார்.

பேராசிரியர் சீக்கிரமே சுதாரித்துக்கொண்டார். "அதெல்லாம் இருக்கட்டும். அந்தப் பையன் உனக்கு யாரு?"

"யாருன்னே தெரியாது சார்."

"முன்னப்பின்ன தெரியாதவனுக்கா இவ்வளவு மெனக்கெட்டே? யார் காதுல பூ சுத்தறே?"

துறைத்தலைவிக்கும் அதுதான் உறுத்தியது. விண்ணப்பத்தில் இருந்த எண்ணைப் பார்த்துப் போன் போட்டு, எல்லாரும் கேட்கிற மாதிரி மேசைமேல் வைத்தாள்.

"தம்பி, உதவித்தொகை விஷயமாப் பேசறேன். அப்பா பெயரை ஏம்பா எழுதலை?"

"எனக்கு அம்மா மட்டும்தான் மேடம். எந்த ஃபார்ம்லயும் அந்தக் கட்டத்தை விட்டுடுவேன்."

"எங்க காலேஜ்ல உனக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

"அங்க யாரையும் தெரியாதே மேடம்." குரல் இறங்கியது. "ஏதாவது தப்பாயிடுச்சா? எனக்குக் கிடைச்சது நிஜம்தானே? காலையிலேர்ந்து அம்மா அழுதுக்கிட்டே இருக்காங்க... சந்தோஷத்துல."

துறைத்தலைவி நிமிர்ந்து பார்த்தாள். செமிகோலன் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நிஜம்தாம்பா. அம்மாகிட்டச் சொல்லு."

போனை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். குரலில் கொஞ்சம் கண்டிப்பை வரவழைத்துக்கொண்டாள்.

"நல்லதுக்கே செஞ்சாலும் கேக்காம உள்ள போனது தப்பு. நான் இங்கதானே இருந்தேன்? வந்து கதவைத் தட்டியிருக்கணும்."

"தப்புதான் மேடம். அவசரத்துல தோணலை."

"மன்னிப்புக் கடிதம் ஒண்ணு எழுதிக் குடு. அப்புறம் இந்தத் தளத்தை நீயே சரிபண்ணு. சும்மா இல்லை, சம்பளத்தோட. சனி, ஞாயிறு இங்க வந்துடு."

அவள் தலையைத் தலையை ஆட்டினாள்.

"நானே பண்ணிடுவேனே மேடம்..." என்று இழுத்தார் பேராசிரியர்.

"நீங்க மெயிலுக்குப் பதில் போடுங்க சார், போதும்."

இருவரும் போன பிறகு, துறைத்தலைவி நிம்மதியாக அறிக்கை எழுத உட்கார்ந்தாள். பையனின் விண்ணப்பம் செல்லும் என்று நாலு வரி. வேலை முடிந்த மாதிரிதான். திருத்துவதற்கு முன்னால் வரிசை எப்படி இருந்தது என்பதையும் இணைக்க வேண்டுமே என்று பழைய பிரதியைத் தேடித் திறந்தாள்.

மேலிருந்து படித்தாள்.

அந்தப் பையன் சேராமல் இருந்த அந்த வரிசையில், முதல் பெயர் செமிகோலனுடையது.