உப்பு சொன்ன ஆறுதல்

பழுக்கும் முன்பே பறித்துவிட்டார்கள் என்று ஒரு பச்சைத் தக்காளிக்கு அடங்காத கோபம். வில்லை வில்லையாக நறுக்கித் தட்டில் பரப்பிய பிறகும் அது தணியவில்லை.

"எண்ணெயில போடட்டும், வெடிச்சுத் தெறிக்கிறேன். அடுப்புப் பக்கம் ஒருத்தரும் நிக்க முடியாது!"

வாணலியில் காய்ந்துகொண்டிருந்த எண்ணெய்க்கு உதறல் எடுத்தது. ஈரம் பட்டால் என்ன ஆகும் என்று அதற்குத் தெரியும்.

அப்போதுதான் உப்பு வந்து தக்காளியின் மேல் மெல்ல உட்கார்ந்தது.

"உனக்கு நடந்தது அநியாயம்தான். மனசுக்குள்ள வச்சுப் புழுங்காதே. எங்கிட்ட சொல்லி அழுதுடு."

இதுவரை யாரும் அதனிடம் இப்படிப் பேசியதில்லை. காம்பைத் திருகிய கை, செடியிலேயே தங்கிவிட்ட கூடப்பிறந்ததுகள், கடைசிவரை வராமலே போன சிவப்பு என்று எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லி அழுதது. உப்பும் சேர்ந்து கொஞ்சம் கரைந்தது. தட்டு நிறையத் தண்ணீர்.

"இப்ப எப்படி இருக்கு?"

"லேசா இருக்குண்ணே."

ஒரு துணி வந்து அந்தத் தண்ணீரை ஒற்றி எடுத்தது. வில்லைகளை அரிசி மாவில் புரட்டி எண்ணெயில் போட்டார்கள். தக்காளி வெடிக்கப் பார்த்தது. உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. மொறுமொறுவென்று அடக்கமாகப் பொரிந்தது.

"ஒரு பொட்டுக்கூடத் தெறிக்கலியே!" என்று எண்ணெய் ஆச்சரியப்பட்டது.

உப்பு அதற்குள் கிளம்பிவிட்டது. அடுத்த தட்டில் வேறொரு தக்காளி கத்திக்கொண்டிருந்தது.

"உனக்கு நடந்தது அநியாயம்தான்," என்றபடி அதன் மேல் போய் உட்கார்ந்தது.