பதினோராவது பை

"பத்து மாமாக்கள் வந்து பத்து லேடீஸ் பேக் வாங்கிண்டு போயிருக்கா. நீ நம்பறியா?"

தாரா பில் புத்தகத்தை மேஜைமேல் போட்டாள். சுப்ரியா புரட்டினாள். சீதாராமன், பட்டாபி, மஹாதேவன், வைத்தியநாதன்... எல்லாம் வியாழக்கிழமை பில்கள். எல்லாம் ஜம்புநாதன் மாமாவின் கையெழுத்து.

பவானிபூரில் இருந்த அந்தச் சின்னப் பரிசுக் கடை, ஆதரவற்ற பெண்களுக்கான ஓர் இல்லத்துக்குச் சொந்தமானது. வீடுகளிலிருந்து வரும் பழைய புடவைகளை வெட்டி, காந்தா என்கிற வங்காள ஓட்டுத் தையல் போட்டு, இல்லத்துப் பெண்கள் பைகள் தைப்பார்கள். கடையில் உட்கார்ந்து விற்பவர்கள் எட்டுத் தொண்டர்கள்; தாரா அவர்களில் ஒருத்தி, வியாழக்கிழமை ஜம்புநாதன் மாமாவின் முறை. சுப்ரியா அவர்களுக்குப் பொறுப்பாளர்.

"பத்தும் ஒரே அரக்குப் பட்டுலேர்ந்து தைச்சது. போன வாரம் என் பக்கத்து ஃப்ளாட் பெங்காலி மாமி, போஸ் பௌதி, ஒண்ணு கேட்டிருக்கா. ‘புக் ஆயிடுத்து’ன்னு மேஜைக்கு அடியில ஒளிச்சுட்டாராம்." தாரா குரலைத் தாழ்த்தினாள். "பாலிகஞ்ச்ல எவனோ பொட்டீக் கடைக்காரனுக்குக் கை மாத்தறார். வேற என்ன?"

சுப்ரியா பில் புத்தகத்தை மூடினாள். சம்பளம் வாங்குகிற ஆளை நிறுத்துவது சுலபம். சும்மா வந்து உழைக்கிறவரை என்ன சொல்லி நிறுத்துவது?

மூன்று மாதம் முன்பு அவராகத்தான் வந்தார். ரிடையர் ஆகி ஆறு வருஷம், வீட்டைவிட்டுக் கிளம்புவதே இல்லை என்றார். படிவத்தில் ‘எதற்காகச் சேர விரும்புகிறீர்கள்’ என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தார். பேசும்போதும் அவர் பார்வை அலமாரியில்தான் இருந்தது. அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை சரியாகப் பத்து மணிக்கு, இஸ்திரி போட்ட சட்டையும் தோளில் புடைத்த ஜோல்னாப் பையுமாக ஜம்புநாதன் வந்தார். சுப்ரியா எதிரில் உட்கார்ந்தாள்.

"மாமா, மஹாதேவன் யாரு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் ஷட்டகர், மச்சினியோட ஆத்துக்காரர்."

"சீதாராமன்?"

"அவரோட அண்ணா."

"அண்ணாவுக்கு எதுக்கு லேடீஸ் பேக்?"

வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அவர் ஜோல்னாவை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"தொண்டர்கள் கடையில எதுவும் வாங்கக் கூடாதுன்னு ரூல். தெரிஞ்சுதானே பேரை மாத்திப் போட்டேள்? பையெல்லாம் எங்க போறது?"

"எங்கயும் போகலை."

ஜோல்னாவைக் கவிழ்த்தார். மேஜைமேல் அரக்குச் சிவப்பில் பைகள் விழுந்தன. சுப்ரியா எண்ணினாள். பத்து. ஒன்றில்கூட லேபிள் பிரிக்கப்படவில்லை.

"ஆத்துல வெச்சா அவ பார்த்துடுவா. அதான் கூடவே தூக்கிண்டு அலையறேன்."

"எவ?"

"என் ஆத்துக்காரி. இது அவளோட கூறைப்புடவை."

சுப்ரியா நிமிர்ந்தாள்.

"பழைய துணி கேட்டு உங்க இல்லத்துக்காரா வந்தா. இவ பஜனைக்குப் போயிருந்தா. பீரோ மேல ரெண்டு மூட்டை. ரெண்டும் என் பழைய வேஷ்டில கட்டினது. ஒண்ணுல கிழிசல், ஒண்ணுல கூறை. நான் எதைக் குடுத்திருப்பேன்னு நினைக்கறே?" அவர் சிரிக்க முயன்றார். "தை மாசம் பேத்திக்குக் கல்யாணம். அன்னிக்கு அதைத்தான் கட்டிப்பேன்னு சொல்லிண்டிருக்கா. அதுக்குள்ள எல்லாப் பையையும் சேர்த்துப் பிரிச்சு, ஒட்டுப் போட்டாவது..."

முடிக்காமல் ஒரு பையின் லேபிளைத் திருப்பிக் காட்டினார். ‘பதினொன்றில் பத்தாவது’ என்று எழுதியிருந்தது.

"முதல் பை மட்டும் கடைக்கே வரலை. தேடாத இடம் இல்லை." கடைச் சாவியை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "பொய்ப் பேர் எழுதினது தப்புதான். நாளைலேர்ந்து வரலை. அந்த ஒண்ணு மட்டும் எங்க போச்சுன்னு கேட்டுச் சொல்லும்மா."

கதை நம்பும்படியாக இருந்தது. அதனாலேயே சுப்ரியாவுக்குச் சந்தேகம் விடவில்லை. வாசலுக்கு வந்து இல்லத்துக்குப் போன் செய்தாள். அந்தப் பட்டில் தைத்த முதல் பையை, தேடிக்கொண்டு நேரே இல்லத்துக்கே வந்த ஓர் அம்மாள் வாங்கிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நம்பர் கொடுத்தார்கள்.

சுப்ரியா அந்த நம்பரை அழைத்து, கடையின் பெயரைச் சொல்லி, பையைப் பற்றி ஹிந்தியில் விசாரித்தாள். மறுமுனையிலிருந்து பதில் தமிழில் வந்தது.

"மாட்டிண்டுட்டாரா? நான் அவர் ஆத்துக்காரிதான் பேசறேன். மூட்டையைக் காணும்னதும் இல்லத்துக்கு ஓடினேன். அதுக்குள்ள புடவையை வெட்டி, ஒரு பையும் தைச்சுட்டா. அந்த ஒண்ணை மட்டும் வாங்கிண்டு வந்து ஒளிச்சு வெச்சிருக்கேன். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது." குரல் தாழ்ந்தது. "ஆறு வருஷமா பால்கனியைத் தாண்டாத மனுஷர், இப்போ வியாழக்கிழமைன்னா கார்த்தாலயே சட்டைக்கு இஸ்திரி போடறார். பதினொண்ணும் சேர்ந்துடுத்துன்னா கடைக்கு வரது அதோட நின்னுடும்மா."

சுப்ரியா உள்ளே வந்து சாவியை அவர் பக்கமே நகர்த்தினாள்.

"எங்க போச்சுன்னு யாருக்குமே தெரியலை மாமா. அடுத்த வியாழக்கிழமை வந்து தேடுங்கோ."