எட்டு ஸ்க்ரூ

“ஸ்க்ரூ போடாம, கட்டியை மட்டும் எடுக்க முடியாதா மேடம்?”

சேவியர் இதைக் கேட்பது மூன்றாவது முறை. டாக்டர் பார்கவி பொறுமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஸ்கேன் படத்தை மறுபடியும் வெளிச்சத்தில் காட்டினாள்.

“உங்க மனைவிக்குக் கட்டி முதுகெலும்புக்குள்ளயே இருக்கு. முழுசா எடுக்கணும்னா சுத்தியிருக்கிற எலும்பையும் செதுக்கி எடுக்கணும். அப்புறம் முதுகு தாங்காது, மடங்கிடும். தண்டுவடம் நசுங்கினா ரெண்டு காலும் போயிடும். அதனாலதான் மேல நாலு, கீழ நாலு ஸ்க்ரூ போட்டு, ரெண்டு கம்பியால பிடிச்சு நிறுத்தறோம்.”

“எந்தக் கம்பெனி ஸ்க்ரூ?”

பார்கவி நிமிர்ந்து பார்த்தாள். புனேக்கு வந்து பத்து வருடமாக இதே அறுவை சிகிச்சைதான் செய்கிறாள். பிழைத்துக்கொள்வாளா, நடப்பாளா என்றுதான் எல்லாக் கணவன்மார்களும் கேட்பார்கள். இந்த மனிதர் ஒருமுறைகூட அதைக் கேட்கவில்லை.

அவர் வெளியே போனதும் நர்ஸ் தீபா குரலைத் தாழ்த்தினாள். “ஏதோ கட்பட், தில்லுமுல்லு இருக்கு மேடம். நேத்து ஆபரேஷன் தியேட்டர் வாசல்லயே நின்னு, ஸ்க்ரூ பெட்டி வந்தாச்சான்னு ஸ்டோர்காரரைக் குடைஞ்சிட்டிருந்தாரு.”

வார்டுக்குப் போனபோது ஸ்டெல்லா படுத்தபடியே பார்கவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவரு பேச்சைக் கேக்காதீங்க டாக்டர். ரெண்டு நாளா என் முகத்தைப் பாத்துப் பேச மாட்டேங்கிறாரு. ஆபரேஷனை எப்படியாவது நிறுத்தணும்னே அலையறாரு. நான் எழுந்து நடமாடறது அவருக்குப் பிடிக்கலையோ என்னவோ.”

பார்கவிக்குச் சுருக்கென்றது.

மறுநாள் காலை சம்மதப் படிவத்தை நீட்டியபோது சேவியர் பேனாவைத் தொடவேயில்லை.

“பெட்டியைக் காட்டுங்க மேடம். அப்புறம் கையெழுத்துப் போடறேன்.”

ஆள் எதற்கு அடி போடுகிறார் என்று பார்த்துவிடலாம் என நினைத்த பார்கவி, தீபாவிடம் சொல்லிப் பெட்டியை வரவழைத்தாள். சேவியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எந்தத் தொகுப்பில் தயாரானது என்று லேபிளில் இருந்த லாட் நம்பரை விரல் வைத்துப் படித்தார். ஏசி அறையிலும் அவர் நெற்றி வியர்த்தது.

“இது வேண்டாம். வேற வரவழைங்க. இதுல ஒண்ணுகூட ஸ்டெல்லா முதுகுல ஏறக்கூடாது.”

“யாருங்க உங்களை அனுப்பினது?” பார்கவியின் குரல் உயர்ந்துவிட்டது. “வேற கம்பெனிக்காரங்களா? இல்ல, அந்தம்மா காலம் பூரா படுக்கையிலயே கிடக்கணும்னு பாக்கறீங்களா?”

சேவியர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ரஞ்சன்காவ்ல இந்த ஸ்க்ரூ தயாராகிற ஃபாக்டரியில நான்தான் மேடம் செக்கிங். இந்த லாட்டை ‘ஓகே’ன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பினதும் நான்தான்” என்றார். “ஷிஃப்ட் முடியற அவசரத்துல, ஒண்ணைக்கூட எடுத்துப் பாக்காம.”