கருணை ரத்து

“அழுறதா இருந்தா வெளிய போய் அழுதுட்டு வாங்க. இங்க வரிசை நிக்குது.”

கவுண்டர்ப் பெண் கண்ணாடிக்குள் இருந்து சொன்னாள். வெளியே நின்ற பெரியவர் அழவில்லை. முகத்து வியர்வையைத்தான் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அது தனியார் பார்க்கிங் நிறுவனத்தின் அபராதம் கட்டும் அலுவலகம். ஒரு மேசை, ஒரு கணினி, கண்ணாடியில் கை நுழையும் அளவுக்கு ஒரு துளை. பதினொரு வருடமாக அந்தத் துளை வழியாக அவள் கேட்டதெல்லாம் ஒரே பாட்டு. அஞ்சு நிமிஷம்தான் நிறுத்தினேன், போர்டைப் பார்க்கலை, இந்த ஒரு தடவை விட்டுடுங்க.

அவர் ஒரு கடிதத்தை உள்ளே தள்ளினார். கடை வளாகத்தின் கீழ்த்தளத்தில் டைல்ஸ் ஏற்றும் வேன். இலவசம் அரை மணி, நின்றது மூணு மணி நேரம்.

“வண்டி யாரோடது?”

“முதலாளியோடது. ஓட்டினது எம் பையன்.”

“அவரு வரலையா?”

“அவனால வர முடியாதும்மா.”

“எல்லார் வீட்லயும் இதே கதைதான். தப்பு பண்றது பிள்ளை, திட்டு வாங்க அப்பா.”

அவர் ரப்பர் பேண்டு போட்ட நோட்டுக் கட்டை எடுத்துத் துளையோரம் வைத்தார். யாரோ சொல்லிக் கொடுத்ததை ஒப்பிப்பதுபோல் பேசினார். “பணம் முழுசா இருக்கு. கட்டிடறேன். படத்தோட ரசீது வேணும். ரெண்டே முக்காலுக்கு எடுத்த படம் இருக்கா, பாருங்க.”

இதுவும் அவளுக்குப் பழகியதுதான். முதலில் படத்தைக் காட்டு என்பார்கள். காட்டினால் அது என் வண்டியே இல்லை என்பார்கள்.

“வண்டி நின்னதுதான் கடிதத்துலயே இருக்கே?”

“வண்டி இருக்கும்மா. ஆளு தெரியிற படம் வேணும்.”

அவள் சலிப்போடு கணினியில் தேடினாள். நிறுவனத்தின் காவலாள் மணிக்கு ஒருமுறை சுற்றி வந்து, முன்கண்ணாடி தெரிகிற மாதிரி ஒவ்வொரு வண்டியையும் படம் எடுப்பான். மூலையில் நேரம் பதிந்துவிடும். இந்த வேனுக்கு மூன்று படங்கள் இருந்தன. ஒன்றே முக்கால், இரண்டே முக்கால், மூன்றே முக்கால்.

மூன்றிலும் ஒரு பையன் ஸ்டியரிங் மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். வாய் லேசாகப் பிளந்திருந்தது. டைல்ஸ் விளிம்பு அறுக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றியிருந்தான். அதை அவிழ்க்கக்கூட அவனுக்குத் தெம்பு இருந்திருக்கவில்லை.

அவள் திரையைத் திருப்பினாள். “இவருதானா?”

அவர் கண்ணாடியில் நெற்றியை ஒட்டவைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். “இவன்தாம்மா. விடியறதுக்கு முன்னாடியே டைல்ஸ் ஏத்த ஆரம்பிச்சான். நாலு மாடி. லிஃப்ட் கிடையாது.”

“அண்ணே, உள்ள சினிமாவா ஓடுது?” என்றான் வரிசையில் பின்னால் நின்றவன்.

குனிந்திருந்தவரின் பிடரி அவளுக்குத் தெரிந்தது. மூட்டை சுமந்து சுமந்து அங்கே தோல் காய்ப்பேறித் தடித்திருந்தது. அவளுடைய அப்பாவுக்கும் அப்படி ஒன்று இருந்தது. அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நினைவு தப்பிக் கிடந்தபோதுதான் அதை முதல்முறையாகத் தொட்டுப் பார்த்தாள்.

“பணத்தைப் பைக்குள்ள வைங்க,” என்றாள்.

“இல்லம்மா, நான் கட்டிடறேன்...”

“சும்மா இருங்க பெரியவரே. வாயைத் திறந்து காரியத்தைக் கெடுத்துடாதீங்க.”

போனை எடுத்துக்கொண்டு முதுகைத் திருப்பினாள். வருடத்துக்கு ஒரு வண்டிக்கு மட்டும் கருணை ரத்து கேட்க அவளுக்கு உரிமை உண்டு. மேலாளர் சம்மதிக்க வேண்டும். இத்தனை வருடத்தில் அவள் ஒன்றுகூடக் கேட்டதில்லை.

“சார், அந்த ஆளு மயங்கிக் கிடந்திருக்காரு. பேப்பர்ல வந்தா நமக்குத்தான் அசிங்கம். ஆமா சார், மயக்கம்தான். நானே படத்தைப் பார்த்தேன்.”

பெரியவர் கண்ணாடியை இரண்டு முறை தட்டினார். அவள் திரும்பாமலே கையைக் காட்டி அடக்கினாள். போனை வைத்தாள், ஒரு பொத்தானைத் தட்டினாள், வெளியே வந்த சீட்டைக் கிழித்து அவரிடம் நீட்டினாள்.

“ரத்து பண்ணியாச்சு. ஒரு பைசா கட்ட வேணாம்.”

“எனக்கும் மயக்கமா வருதும்மா,” என்றான் பின்னால் நின்றவன்.

பெரியவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “படம்?”

“அதுவும் போயாச்சு. ரத்தான வண்டியோட படத்தை நாங்க வச்சிருக்கக் கூடாது. மூணும் தானா அழிஞ்சிடும். மேலாளரே நினைச்சாலும் திரும்ப எடுக்க முடியாது. உங்க பையன் அங்க இருந்ததுக்கு இனி ஒரு அடையாளமும் கிடையாது, நிம்மதியாப் போங்க.”

அன்றைக்கு முதல்முறையாக அவள் சிரித்தாள்.

அவர் நோட்டுக் கட்டை மறுபடியும் துளைக்குள் தள்ளினார். “இதை வச்சுக்கங்கம்மா. இன்னும் வேணும்னாலும் கொண்டாந்து தரேன். அந்த ரெண்டே முக்கால் படம் ஒண்ணு மட்டும் குடுத்துடுங்க.”

“அதான் இல்லைன்னு சொல்றேனே. எதுக்குங்க அது?”

விஷயத்தைச் சொன்னால் தர மாட்டார்கள், வாயைத் திறக்காமல் வாங்கி வா என்று வக்கீல் சொல்லி அனுப்பியிருந்தார். இனிமேல் மறைக்க எதுவும் இல்லை.

“அந்த ரெண்டே முக்காலுக்கு அவன் ஒருத்தனைக் குத்திக் கொன்னுட்டான்னு ஜெயில்ல வச்சிருக்காங்கம்மா.”