வெள்ளிக்கிழமைப் பொட்டலங்கள்

உமையாள் மறுபடி கணக்கு டீச்சர் வேலைக்குப் போகலாமா என்று மாமனார் வெள்ளிதோறும் பூக்கட்டிப் பார்த்தார். வெள்ளைப் பூ ஒன்றிலும் சிவப்புப் பூ ஒன்றிலுமாகக் கட்டிய இரண்டு பொட்டலங்களில் அவள் எடுப்பது வெள்ளையாக இருக்க வேண்டும். அந்நேரம் பல்லியும் சொல்ல வேண்டும். பாதியில் பாதி, நாலு வெள்ளிக்கு ஒன்றாவது வாய்த்துவிடும் என்று அவளும் தலையாட்டியிருந்தாள். வருஷம் ஓடிவிட்டது. பல்லி பாதி வெள்ளிகளில் சொல்லத்தான் செய்தது. பூ மட்டும் ஒருநாளும் வெளுக்கவில்லை. இன்றும் செவ்வரளி.

“சாமிக்கு இஷ்டமில்லம்மா, எந்திரி” என்றார் மாமனார்.

உமையாள் எழவில்லை. விளக்கடியில் மிஞ்சிக் கிடந்த பொட்டலத்தைக் கையில் எடுத்தாள்.

“அதப் பிரிக்கக் கூடாதும்மா, சாமி குத்தம்.”

வாரந்தோறும் பொட்டலம் கட்டித் தரும் கணவனை அவள் ஏறிட்டுப் பார்த்தாள். “இதுலயும் செவப்புதானங்க?”

அவன் தரையைப் பார்த்தான். சுவரில் பல்லி சொன்னது.