ஒழுகுதா, ஒழுகலையா?

"இந்தத் தடவையும் அந்த மனுஷன் ஒழுகுதுன்னு சொல்லட்டும், தண்ணி ஊத்திப் பாக்கிற அந்த வாளியையே அவர் தலையில கவுத்துடறேன்!"

படகின் மேல்தளத்தில் மண்டி போட்டு, ஸ்க்ரூ டிரைவரை அழுத்திப் பிடித்தபடி பொருமினாள் நீலாவதி டீச்சர்.

கீழே, படகுக்குள் மல்லாந்து படுத்து அதே போல்ட்டின் நட்டை முறுக்கிக்கொண்டிருந்த அகிலா சிரித்தாள். "டீச்சர், அது எங்க அப்பா."

"தெரியும். அதான் வாளியோட நிறுத்துறேன்."

மின்னி பே படகு கிளப்பில் கேட்பாரற்றுக் கிடந்த பழைய பாய்மரப் படகு அது. ஹேவ்லாக் தீவு வரை நடக்கும் போட்டிக்கு அதைச் சரிசெய்து ஓட்டப்போவதாக நீலாவதி சொன்ன நாளிலிருந்து கிளப்பே சிரித்தது. அவள் டெலானிபூர் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். யாராவது சிரித்தால் அவளுக்கு வீம்பு இன்னும் ஏறும்.

படகுகளைச் சோதித்துச் சான்றிதழ் தருகிறவர் அகிலாவின் அப்பா இராமகிருஷ்ணன். மகள் படகில் ஏறவே கூடாது என்று வீட்டில் கறாராகச் சொல்லியிருந்தார். மகளோ வேலைக்குப் போகிற பெண். அவரிடம் கம்ப்யூட்டர் வகுப்பு என்று சொல்லிவிட்டு, சாயங்காலமானால் இங்கே வந்து படகுக்குள் படுத்துவிடுவாள். போட்டியில் டீச்சரோடு போகப்போவதும் அவள்தான்.

முதல் சோதனையில், கயிறு கட்டும் கொண்டிகளைச் சுற்றி மேலாகப் பசையை அப்பி வைத்திருந்தார்கள். அவர் தண்ணீர் ஊற்றியதும் படகுக்குள் இருந்த படுக்கை மேல் சொட்டியது.

"அரே, மேலே பூசினா ஆச்சா? கொண்டியைக் கழட்டுங்க. பழசைச் சுரண்டி எடுத்துட்டுப் பூசுங்க" என்றார்.

கழற்றினார்கள், சுரண்டினார்கள். இரண்டாவது சோதனையில் வேறொரு மூலையில் கசிந்தது. ஓட்டை எங்கேயோ இருக்க, தண்ணீர் பலகைக்குள்ளேயே ஓடி வந்து இங்கே சொட்டியிருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. துருப்பிடித்த போல்ட் ஒன்று விடாமல் மாற்றினார்கள்.

இன்று மூன்றாவது சோதனையிலும் தேறாவிட்டால் போட்டி கிடையாது. படகையே உடைத்துப் போட்டுவிடுவதாகக் கிளப் கமிட்டி முடிவு செய்திருந்தது.

"டீச்சர், ஸ்கூட்டர் சத்தம்! அப்பா வந்துட்டார்!"

சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து நிற்கிறார். ஓட வழியில்லை. படகின் முன்பக்கத்தில் பாய்மரத் துணியைச் சுருட்டி வைக்கும் குட்டி அறைக்குள் அகிலா உள்கதவைச் சாத்திக்கொண்டு பதுங்கினாள். நீலாவதி பாய்ந்து போய் மேல்தளத்தில் இருந்த அதன் மூடியை இழுத்துச் சாத்தினாள்.

"வணக்கம் டீச்சர். ஆரம்பிக்கலாமா?" கையில் வாளியோடு ஏறினார் இராமகிருஷ்ணன்.

"ஊத்துங்க சார். கடலையே அள்ளி ஊத்துங்க."

ஒவ்வொரு கொண்டி மேலும் ஊற்றினார். ஒவ்வொரு தடவையும் உள்ளே இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. அவர் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

"டீக் ஹை, சரியா இருக்கு" என்றார் கடைசியில்.

"அப்ப கையெழுத்தைப் போடுங்க!"

"இருங்க. அந்த முன்பக்க மூடி பாக்கி இருக்கே."

நீலாவதி அவசரமாகக் குறுக்கிட்டாள். "அதுக்குப் புது ரப்பர் போட்டாச்சு சார். பாக்கவே வேணாம்."

"பாக்காம எப்படி?"

ஊற்றினார். மறுபடி மொண்டு ஊற்றினார். எருமையைக் குளிப்பாட்டுகிற மாதிரி ஊற்றிக்கொண்டே இருந்தார். மூடியைச் சுற்றித் தண்ணீர் குளமாக நின்றது.

நீலாவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போட்டிக்கு வர்ற முத்துராஜ் படகுக்கு மட்டும் ஒரே வாளியோட விட்டீங்க!"

"அது புதுப் படகு."

"அதெல்லாம் இல்ல. பொம்பளைங்க கடல்ல போறது உங்களுக்குப் பிடிக்கல, அதான் விஷயம்! நீங்க எத்தனை தடவை தேறலைன்னு தள்ளினாலும் நான் திரும்பக் கழட்டி மாட்டுவேன் சார். இதை உடைச்சா வேற படகு தேடுவேன். போட்டிக்குப் போகத்தான் போறேன், யார் தடுக்கிறாங்கன்னு பாக்கிறேன்!"

"கத்தி முடிச்சிட்டீங்களா?"

"இல்ல!"

"சரி, அப்புறமா கத்துங்க." வாளியைக் கீழே வைத்தார். "உள்ளே கசியுதான்னு பாக்கணும்."

நீலாவதி சட்டென்று உள்ளே இறங்கும் வழியை மறித்து நின்றுகொண்டாள். "நீங்க இறங்க வேணாம். நானே பாத்துச் சொல்றேன்."

"நீங்களா? ஒழுகினாலும் ஒழுகலைன்னுதான் சொல்வீங்க."

"அப்ப யாரைத்தான் சார் நம்புவீங்க?"

இராமகிருஷ்ணன் மெதுவாக முன்பக்கம் போய்க் குனிந்து, மூடியைத் தட்டினார்.

"அகிலா, உள்ளே ஒரு சொட்டாவது விழுந்துச்சா? மறைக்காம சொல்லும்மா. நடுக்கடல்ல வந்து அப்பா பாக்க முடியாது."