லிட்டருக்குப் பத்து

மழை விட்டும் வெளிச்சம் வரவில்லை. ஆற்றுப் பாலம் போய்விட்டது. டீசல் பங்க் தண்ணீருக்குள் நிற்கிறது. புத்த மடத்து மேட்டில் இரண்டு பிக்கப் வண்டிகள். கம்பானுடைய வண்டியின் பின்தட்டில், பாயில், அவன் மனைவி பிகுன் பிரசவ வலியில் கிடக்கிறாள். குழந்தை குறுக்கே நிற்கிறது. அவள் தலை தங்கையின் மடியில். மலையைச் சுற்றித்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரண்டு வண்டி டீசலையும் சேர்த்தால்தான் ஒரு வண்டி போய்ச் சேரும். "எதுல ஊத்தறது?" என்கிறான் இன்னொரு வண்டிக்காரன் தோங்சாய், ரப்பர் குழாயோடு. "என் வண்டி லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் குடுக்கும். உன்னுதுதான் பதினாறாச்சே அண்ணே, சந்தையில அதைச் சொல்லியே எங்க மானத்தை வாங்குவியே." கம்பான் தரையைப் பார்க்கிறான். "பத்துதான்டா. எப்பவுமே பத்துதான்." யாரும் சிரிக்கவில்லை. அவனே குழாயை வாயில் வைத்துத் தன் டீசலை உறிஞ்சிக் கேனில் விடுகிறான்.

பாயோடு பிகுனைத் தூக்கித் தோங்சாயின் வண்டியில் கிடத்துகிறார்கள். தங்கையும் கம்பானும் ஏறி அவள் பக்கத்தில் உட்காருகிறார்கள். என்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. "அண்ணே," தோங்சாய் திரும்பாமலே சொல்கிறான், "முழுக்க ஏத்தம். ஆள் கூடினா எண்ணெய் ஜாஸ்தி குடிக்கும்." பிகுன் கம்பானின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருக்கிறாள். ஒவ்வொரு விரலாக விலக்கி, அந்தக் கையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டுச் சேற்றில் குதிக்கிறான். வண்டி வளைவில் மறைகிறது. சத்தம் மட்டும் மலையேறுகிறது. அது நின்றுவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.